பழைய ரத்தம்

பிப்ரவரி 3

அக்கா,

பார்சலைப் பிரித்தேன். நான் அனுப்பிய கோட் துணி, வெட்டாமல், ஒரு சாக்பீஸ் கோடுகூட விழாமல், நான் மடித்த மடிப்போடு அப்படியே திரும்பி வந்திருக்கிறது. உள்ளே ஒரு வரி எழுதி வைக்கவில்லை. டாக்டருக்குப் படிக்கச் சேர்ந்த நாளிலிருந்து இன்றுவரை நீ தைக்காத வெள்ளைக் கோட்டை நான் போட்டதில்லை. அது உனக்குத் தெரியும். தெரிந்துதான் திருப்பியிருக்கிறாய்.

போன் செய்தால் கடையில் பொத்தான் காஜா போடுகிறவள் எடுத்து, "முதலாளியம்மா வெளிய போயிருக்காங்க" என்கிறாள். பின்னால் உன் மெஷின் ஓடுவது எனக்குக் கேட்காதா? அந்தச் சத்தத்தில்தானே நான் பள்ளிக்கூடப் பாடமெல்லாம் படித்தேன். உன் மெஷின் எது, அடுத்த மெஷின் எது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

அத்தானுக்குத் தையல் பிரித்தாயிற்றா? காய்ச்சல் லேசாக வந்தாலும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதே. மண்ணீரலை எடுத்துவிட்ட உடம்பு கிருமிகளுக்குச் சுலபமாக இடம் கொடுத்துவிடும். எழுதிக் கொடுத்த தடுப்பூசிகளைப் போட்டுவிடு. இதற்காவது பதில் எழுது.

நான் என்ன தப்பு செய்தேன் என்று எனக்குப் புரியவில்லை. ஏணியிலிருந்து விழுந்து, வயிறு முழுக்க ரத்தத்தோடு வந்த மனிதரை மயக்கத்தில் வைத்து, மூச்சு விட வைத்து, உயிரோடு உன் கையில் திருப்பிக் கொடுத்தேன். அன்றைக்கு நான் செய்த வேலையில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் சொல்.

உன் தங்கை


பிப்ரவரி 9

மதிப்புக்குரிய டாக்டர் அம்மா அவர்களுக்கு,

எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன். எழுதுவதுதான் எனக்கும் வசதி. போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீங்கள் நாலு வார்த்தை சொல்லி மடக்கிவிடுவீர்கள். காகிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

உங்கள் அத்தான் சௌக்கியம். தையல் பிரித்தாயிற்று, ஊசி போட்டாயிற்று. நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து கடையில் உள்ள அத்தனை பேரையும் வேலை வாங்குகிறார்.

என்ன தப்பு என்று தெரியவில்லையா? சரி, நான் ஞாபகப்படுத்துகிறேன். அன்றைக்குக் கடையை இழுத்து மூடிவிட்டு நாங்கள் எல்லாரும் உன் ஆஸ்பத்திரிக்கு வந்தோம். கட்டிங் மாஸ்டர், அயர்ன்காரர், காஜா போடுகிறவள், காலர் தைக்கிற ரெண்டு பேர், எல்லாரும் ரத்தம் கொடுத்தோம். முதல் ஆளாகப் படுத்தது நான். பிறகு முழங்கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு ஆபரேஷன் தியேட்டர் வாசலில் வரிசையாக நின்றோம். கதவைத் திறந்துகொண்டு நீ வந்தாய். "இன்னும் எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கடி" என்றேன். நீ என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. உள்ளே திரும்பி, ஊருக்கே கேட்கிற மாதிரி, "பழைய ரத்தம் போதும், இனிமே ஏத்தாதீங்க. லைனிங் தாங்காது" என்றாய்.

பழைய ரத்தம்! எனக்கு ஐம்பத்திரண்டு வயதுதான் ஆகிறது. தலையில் நாலு முடி நரைத்தால் ரத்தமும் நரைத்துவிடுமா? சரி, அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். லைனிங் என்றாயே, அதுதான் சுருக்கென்று தைத்தது. என் தொழில் வார்த்தையை எடுத்து என்னையே குத்தினாய். தையல் கடைக்காரி கூட்டிவந்த கூட்டத்தின் ரத்தம், தாங்காது, அப்படித்தானே? அயர்ன்காரர் மெதுவாக என் பக்கம் குனிந்து, "டாக்டரம்மா நம்ம லைனிங்கையா சொல்றாங்க?" என்று கேட்டார். நான் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு பதில் சொல்வது? இந்தக் கடையிலிருந்து போன ஒரு கோட்டாவது லைனிங் விட்டுப்போய்த் திரும்பி வந்ததுண்டா? கேட்டுப் பார், ஊரில் யாரை வேண்டுமானாலும்.

இத்தனைக்கும் எங்கள் ரத்தத்தில்தான் அவர் பிழைத்தார். அதை நீயே மறைக்க முடியாது.

கோட்டை உன் படிப்புக்குத் தகுந்த இடமாகப் பார்த்துத் தைத்துக்கொள்.

இப்படிக்கு,
பழைய ரத்தம்


பிப்ரவரி 14

அக்கா,

உன் கடிதத்தை டாக்டர்கள் அறையில் நின்றுகொண்டே படித்தேன். கையெழுத்துப் போட்டிருந்த இடத்துக்கு வந்ததும் சிரித்துவிட்டேன், டீ கோட்டில் கொட்டியது. பிறகு கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இரண்டும் நீ செய்த வேலை.

முதலில் பழைய ரத்தம். அது உன் ரத்தம் இல்லை. உங்கள் ரத்தம் அப்போது கீழே பரிசோதனை மேசையில் இருந்தது. கிருமி இருக்கிறதா என்று பார்க்காமல், பிரிக்காமல், எந்த ரத்தத்தையும் நாங்கள் தொட மாட்டோம். அத்தான் உடம்பில் ஏறிக்கொண்டிருந்தது ஃபிரிட்ஜில் வாரக்கணக்கில் இருந்த, யார் யாரோ எப்போதோ கொடுத்த சிவப்பணுப் பைகள். அதைத்தான் தியேட்டரில் வாய்க்கு வசதியாகப் பழைய ரத்தம் என்போம். ஆக, அத்தான் உங்கள் ரத்தத்தில் பிழைக்கவில்லை. சொன்னால் கோபப்படுவாய், ஆனாலும் உண்மை அதுதான்.

பையில் இருப்பது முழு ரத்தம் இல்லை, சிவப்பணு மட்டும். அது மூச்சுக்காற்றைச் சுமக்கும், உடம்பெல்லாம் கொண்டுபோய்க் கொடுக்கும். ஓட்டையை அடைக்காது. அடைக்கிற சரக்கு வேறு இடத்தில் இருக்கிறது: ரத்தத்தின் மஞ்சள் நீரிலும், தட்டணு என்ற பொடிப் பொடித் துணுக்குகளிலும். அத்தானுக்கு உள்ளே கொட்டக் கொட்டச் சிவப்பணுவை மட்டும் ஏற்றினார்கள். அதனால் அவரிடம் மிச்சமிருந்த உறைய வைக்கும் சரக்கு நீர்த்துப்போனது. பையின் ஃபிரிட்ஜ் குளிர்ச்சி வேறு உடம்பைச் சில்லிட வைத்து, ரத்தத்தை உறைய விடவில்லை. பையில் ரத்தம் கட்டியாகாமல் இருக்கக் கலந்த மருந்து, அவர் உடம்பில் இருந்த கால்சியத்தையும் பிடித்துக்கொண்டது. கால்சியம் இல்லாமல் ரத்தம் உறையாது. சர்ஜன் கிழிந்த மண்ணீரலை எடுத்த பிறகும், ஊசி குத்திய இடமெல்லாம் கசிந்தது.

இனி லைனிங். ரத்தக்குழாயின் உட்புறம் முழுக்க ஒற்றை அடுக்காக ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. அதன்மேல் பூனை முடி போல ஒரு பூச்சு. நிறைய ரத்தம் போனால் அந்தப் பூச்சு உரிந்துவிடும். பையில் இருக்கும்போதே சில சிவப்பணுக்கள் உடைந்து உள்ளே உள்ளதைக் கொட்டிவிடும். ஏற்கெனவே உரிந்த படலத்தை அது இன்னும் எரிச்சலூட்டும். அப்புறம் குழாய் கசியும், உறைய வேண்டிய இடத்தில் உறையாது, வேண்டாத இடத்தில் உறையும். அதனால்தான் சிவப்பை நிறுத்தச் சொல்லிவிட்டு மஞ்சள் நீரும் தட்டணுவும் கால்சியமும் கேட்டேன், உடம்பைச் சூடாக்கச் சொன்னேன். கசிவு நின்றது. அதைச் செய்தது நான். பெருமையாகத்தான் சொல்கிறேன்.

அந்தப் படலத்துக்கு டாக்டர் பாஷையில் வாயில் நுழையாத பெயர் ஒன்று உண்டு. முதல் வருடம் படிக்கும்போது அது என் மண்டையில் ஏறவில்லை. லீவுக்கு வந்து உன் மெஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன், நீ யாருக்கோ கோட்டுக்கு உள்துணி வைத்துக்கொண்டிருந்தாய். அன்றைக்கு லைனிங் என்று எழுதி வைத்துக்கொண்டதுதான், அப்படியே ஒட்டிக்கொண்டது. என்னிடமிருந்து நர்ஸ்களுக்குத் தொற்றி, இப்போது எங்கள் தியேட்டரில் சர்ஜன்கூட லைனிங் என்றுதான் சொல்கிறார். உன் வார்த்தையை வைத்து உன்னைக் குத்தவில்லை, அக்கா. உன் வார்த்தையை வைத்துத்தான் நான் பிழைப்பு நடத்துகிறேன்.

பொடிசு


பிப்ரவரி 20

ஏய் பொடிசு,

இந்தப் பேரைப் போட்டுவிட்டால் நான் கரைந்துவிடுவேன் என்று நினைப்பு. கொஞ்சம் கரைந்தேன், ஒப்புக்கொள்கிறேன். லைனிங் விஷயத்தைப் படித்ததும் மெஷினை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். அத்தான், "என்ன, பாபின் நூல் தீர்ந்துபோச்சா?" என்று கேட்டார். தூசி கண்ணில் விழுந்துவிட்டது என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். பெருமை தாங்காமல், டீ நேரத்தில் உன் கடிதத்தை எல்லார் முன்னாலும் சத்தமாகப் படித்துவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். சிவப்பணு உடையும், எரிச்சலூட்டும், குழாய் கசியும் என்று நீ எழுதிய இடத்துக்கு வந்ததும் கட்டிங் மாஸ்டர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "அப்போ நாம வருஷா வருஷம் குடுத்ததெல்லாம் யாரோ ஒருத்தரோட லைனிங்கைக் கிழிச்சிருக்கு?" என்றார். காஜா போடுகிறவள் அழ ஆரம்பித்துவிட்டாள். அவள் போன தடவை காய்ச்சல் விட்ட மறுவாரமே போய்க் கொடுத்தவள். அயர்ன்காரர் மட்டும், "நான் குடுத்தது கிழிக்காது, நான் தினமும் பால் குடிக்கிறேன்" என்கிறார். அவரை என்ன செய்வது என்று தெரியவில்லை.

நேற்று உன் ஆஸ்பத்திரி ரத்த வண்டி வழக்கம்போல் கடை வாசலில் வந்து நின்றது. நாங்கள் போன மாதம்தான் கொடுத்தோம், ஆனால் தெருக்காரர்களைக் கூட்டி வருவது எங்கள் வேலை; யாரும் எழுந்திருக்கவில்லை. நான்தான் வெளியே போய், "இன்னைக்கு முகாம் கிடையாது" என்று சொல்லி அனுப்பினேன். அந்த வண்டிக்காரர் இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஒரு பைகூட இல்லாமல் திரும்பிப் போனார்.

இந்தத் தெருவிலேயே எங்கள் கடைக்குத்தான் அந்தப் பேர் உண்டு. ரத்தம் வேண்டுமென்றால் தையல் கடைக்குப் போ என்பார்கள். நான் பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை, பொடிசு. உன்னைப் படிக்க வைத்தேன், இந்தக் கூட்டத்தைச் சேர்த்தேன், இந்த ரெண்டுதான். ஒன்று இன்னொன்றைக் கெடுத்துவிட்டது. நாங்கள் கொடுத்தது நல்லதா, கெட்டதா? ஒரே வார்த்தையில் சொல். வளவளவென்று எழுதாதே.

அக்கா

அத்தான் உன்னிடம் சொல்லச் சொன்னார்: "உங்க அக்கா ரத்தம் எனக்குள்ள ஏறாதது நல்லதாப் போச்சு, இல்லேன்னா எனக்கும் இந்தக் கோபம் வந்திருக்கும்."


மார்ச் 1

அக்கா,

நல்லது. இதுதான் நீ கேட்ட ஒரு வார்த்தை. இனி வளவளவென்று எழுதத்தான் போகிறேன், இதையும் டீ நேரத்தில் சத்தமாகப் படி.

நான் பாதிதான் எழுதினேன். மீதி இது. தட்டணுக்கள் பொடிசு. ரத்தம் ஓடும்போது சிவப்பணுக்கள் நடுவில் கூட்டமாக ஓடி, இந்தப் பொடிசுகளைச் சுவரோரம் தள்ளிவிடும். சுவரில்தானே ஓட்டை விழும்? அங்கே ஆள் தயாராக இருக்க வேண்டுமே. சிவப்பணு குறைந்துபோன உடம்பில் தட்டணு எவ்வளவு இருந்தாலும் சுவருக்குப் போய்ச் சேராது, ரத்தம் நிற்காது. முதலில் ஏற்றிய சிவப்பு இல்லாவிட்டால் அத்தான் தியேட்டருக்கே வந்து சேர்ந்திருக்க மாட்டார். வாரக்கணக்கில் வைத்த ரத்தம் புதிய ரத்தத்தைவிட மோசமில்லை என்று பெரிய பெரிய ஆய்வுகள் பார்த்துச் சொல்லிவிட்டன. பழசாக இருப்பது குற்றமே இல்லை. கொட்டுகிற உடம்புக்குச் சிவப்பை மட்டும் தனியாகத் திரும்பத் திரும்பக் கொடுப்பதுதான் குற்றம். அது எங்கள் குற்றம், உங்களுடையது இல்லை. கட்டிங் மாஸ்டரிடம் சொல்: அவர் கொடுத்தது எதையும் கிழிக்கவில்லை. நாங்கள் சில நேரம் மேல்துணியை மட்டும் வைத்துக் கோட் தைத்துவிட்டோம்.

இதை மாற்றத்தான் இங்கே மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். நிறைய ரத்தம் கொட்டிக்கொண்டு யார் வந்தாலும், முதல் பையிலிருந்தே சிவப்பு, மஞ்சள், தட்டணு மூன்றையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று ஒரு விதி எழுதிக் கொடுத்திருக்கிறேன். கண்காணிப்பாளர் படித்துப் பார்த்தார். "விதி நல்லாத்தான் இருக்கு. தட்டணுவை அஞ்சு நாளைக்கு மேல வைக்க முடியாது. வாராவாரம் இங்க வந்து, அதைப் பிரிச்செடுக்கற மெஷின்ல ஒண்ணரை மணி நேரம் படுத்துக் குடுக்க ஆள் எங்க? ஆளைக் காட்டுங்க, கையெழுத்துப் போடறேன்" என்றார்.

அந்த டாக்டர்கள் கூட்டத்தில் அத்தனை பேர் இருந்தார்கள். "என் அக்கா இருக்கா, அவளோட கடையே வரும்" என்று வாய்வரை வந்துவிட்டது. திரும்பி வந்த துணி ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன். இந்த மாதக் கடைசிக்குள் ஆள் காட்டாவிட்டால் விதியை மூட்டை கட்டி வைத்துவிடுவார்கள். அடுத்து வருகிறவர் யாருடைய அத்தானோ தெரியாது. நான் பணியில் இல்லாத நாளில் வந்தால் அவருக்கு யார் சிவப்பை நிறுத்தச் சொல்வார்கள்?

நான் யாரிடமும் கை நீட்டிப் பழக்கமில்லாதவள். அந்தத் திமிர் எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியும். கேட்கிறேன், அக்கா. வருவாயா?

பொடிசு


மார்ச் 7

பொடிசு,

படித்தேன். சத்தமாகவே படித்தேன். மேல்துணி மட்டும் வைத்துத் தைத்த கோட் என்ற இடத்தில் கட்டிங் மாஸ்டர், "இதை முதல்லயே சொல்லியிருந்தா புரிஞ்சிருக்கும்ல" என்றார். காஜா போடுகிறவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சுவரோரம் நிற்கிற தட்டணு என்றால் தன்னை மாதிரிப் பொடிசு என்று சந்தோஷப்படுகிறாள். தான் வெறும் சின்ன வேலைக்காரி என்று இதுவரை நினைத்துக்கொண்டிருந்தாளாம்.

வருகிறோம். வாரம் ரெண்டு பேர், முறை போட்டு. ஒருவர் வராவிட்டால் அடுத்தவர். உன் ரத்த வண்டியையும் மறுபடி அனுப்பு, வண்டிக்காரரிடம் நான் பேசிக்கொள்கிறேன். சீருடை ஆர்டர் குவிந்து கிடக்கிறது, இருந்தாலும் பரவாயில்லை. உன் கண்காணிப்பாளரிடம் போய்ச் சொல், ஆள் இருக்கிறது என்று. "பார்க்கிறேன், கேட்கிறேன்" என்று இழுக்காதே. தலையை நிமிர்த்திக்கொண்டு சொல்.

ஒரு கண்டிஷன். நீ எல்லார் முன்னாலும் சொன்னதை எல்லார் முன்னாலும்தான் சரிசெய்ய வேண்டும். காதோடு சொன்னால் செல்லாது. வரும் இருபதாம் தேதி முதல் பஸ்ஸில் முதல் தடவை என்பதால் மொத்தப் பேரும் வருகிறோம். நீ கோட் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் நிற்க வேண்டும். நர்ஸ்களையும் கூட்டிக்கொள். அந்த சர்ஜனும் இருந்தால் நல்லது. என்ன சொல்லப்போகிறாய் என்பதை நீயே யோசித்துக்கொள், நான் சொல்லிக்கொடுக்க மாட்டேன்.

பழைய ரத்தம் வருகிறது. வழிவிடச் சொல்.

அக்கா


மார்ச் 25

அக்கா,

"வழி விடுங்க, இந்தப் பழைய ரத்தம் இருந்தாத்தான் எங்க லைனிங் தாங்கும்" என்று எல்லார் முன்னாலும் வாசலில் நான் சொன்னது காதிலேயே விழாத மாதிரி விறுவிறுவென்று உள்ளே போனாய். உன் காது ரெண்டும் சிவந்திருந்ததை நானும் பார்த்தேன், சர்ஜனும் பார்த்தார். "உங்க அக்காவா? அப்போ லைனிங்னு பேர் வெச்சது இவங்கதானா?" என்று கேட்டு, கை கூப்பினார். அவர் சாதாரணமாக யாருக்கும் கை கூப்பாத ஆள். அது உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

தட்டணு எடுக்கிற மெஷினில் படுத்திருந்தபோது உன் கட்டைவிரல் துணியைத் தள்ளுகிற மாதிரி அசைந்துகொண்டே இருந்தது. நர்ஸ் ரெண்டு தடவை அதட்டிய பிறகுதான் நின்றது. உன் கை சும்மா இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். இன்னொரு செய்தி: அன்று வந்தவர்களிலேயே உன் தட்டணு எண்ணிக்கைதான் அதிகம். அயர்ன்காரரைவிட அதிகம். பாலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அவரிடம் பக்குவமாகச் சொல்லு.

விதியில் கையெழுத்தாகிவிட்டது. தியேட்டர் சுவரில் ஒட்டியிருக்கிறோம்.

முந்தாநாள் பிரசவத்துக்கு வந்த ஒரு பெண்ணுக்குக் கர்ப்பப்பை இறுகவில்லை, குழந்தை பிறந்ததும் கொட்ட ஆரம்பித்துவிட்டது. நான் அன்று லீவில் இருந்தேன். வேலைக்குச் சேர்ந்து வருடம்கூட ஆகாத டாக்டர்தான் பணியில். அவள் யாரையும் கேட்கவில்லை. சுவரைப் பார்த்தாள், மூன்றையும் சேர்த்துக் கொண்டுவரச் சொன்னாள். செய்தி தெரிந்ததும் நான் போன் செய்து பதறிக்கொண்டு கேட்டேன். "நின்னுடுச்சு மேடம், லைனிங் தாங்கிடுச்சு" என்றாள். இன்று காலை போய்ப் பார்த்தேன். அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

யார் கொடுத்தது யாருக்குப் போனது என்று நான் சொல்லக் கூடாது, அது சட்டம். சொல்லவும் இல்லை. ஆனால் அந்த வாரம் இந்த ஆஸ்பத்திரியில் தட்டணு கொடுத்தவர்கள் எல்லாரும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கினார்கள்.

உன்னை நினைத்தால் எனக்குத் தலைகால் புரியவில்லை, அக்கா. அவ்வளவு பெருமை.

பொடிசு


மார்ச் 30

அடியே பொடிசு,

கடிதத்தைப் படித்துக் காட்டினேன். படித்து முடித்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் மெஷினை ஓட்ட ஆரம்பித்தார்கள். கட்டிங் மாஸ்டர் மட்டும், "குழந்தை ஆணா பொண்ணா, எழுதலையே" என்று முறைத்துக்கொண்டிருக்கிறார். அடுத்த கடிதத்தில் எழுது, இல்லாவிட்டால் வேலை ஓடாது.

தட்டணு எண்ணிக்கை விஷயம் தெருவில் தெரியாத ஆள் இல்லை. நான் சொல்லவில்லை, அத்தான்தான் சொல்லித் திரிகிறார். "என் பொண்டாட்டி ரத்தம் பழசு, ஆனா சரக்கு ஜாஸ்தி" என்கிறார். அவர் வயிற்றில் தையல் போட்ட இடத்தை மறுபடியும் பிரிக்கலாமா என்று யோசிக்கிறேன்.

வாசலில் நீ சொன்னது எனக்குக் கேட்டது. ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. ஆனால் அன்றைக்கு நீ போட்டிருந்த கோட்டைப் பார்த்தேனே, அது யார் தைத்தது? தோள் ஒரு பக்கம் தூக்கி, இன்னொரு பக்கம் தொங்கி. அதைப் போட்டுக்கொண்டா அத்தனை பேர் முன்னால் என் தங்கை என்று நின்றாய்?

அந்தத் துணியை உடனே திருப்பி அனுப்பு. உன் அளவு என் கைக்குத் தெரியும். வெள்ளைக் கோட்டுக்கு யாரும் உள்துணி வைக்க மாட்டார்கள் என்று கட்டிங் மாஸ்டர் சொல்கிறார். சொல்லட்டும். நான் லைனிங் வைத்துத்தான் தைக்கப் போகிறேன். தாங்கும்.

அக்கா